கத்திரிப்பூ நிறக் கவுன்

அன்புள்ள அக்கா மகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் முதல் வரியில் எழுத வேண்டும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உன்னை எப்போதும் கூப்பிடுகிற பெயரை மேலே எழுதவில்லை, கவனித்திருப்பாய்.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். நீ கோபித்துக்கொள்வாய், என் போனை எடுக்க மாட்டாய், உன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று வீட்டுக்குச் சொல்லிவிடுவாய், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பாய். எங்கள் துணிக்கடையில் உடுப்பு மாட்டி நிறுத்தியிருக்கிற பொம்மையிடம் சொன்னேன். அந்த நேரத்தில் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். இவனுக்குச் சொல்லிக்கொடுக்க இனிமேல் எங்களிடம் ஒன்றும் பாக்கியில்லை என்று பள்ளிக்கூடமே எட்டாவதோடு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்த ஆள் நான்.

நீ அன்றைக்குப் போனில் பேசினது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. மாமா, யார்கிட்டயும் சொல்லாதீங்க என்றுதான் ஆரம்பித்தாய். எனக்கு மேல சின்ன உடம்பு, இடுப்புக்குக் கீழ அகலம், கடையில வாங்குனா இடுப்புல பிதுங்குது, பெரிசா வாங்குனா கூடாரம் கட்டின மாதிரி இருக்கு, இந்தத் தடவையாவது கல்யாணப் போட்டோல முன்னாடி நிக்கணும் மாமா, எனக்கு எது எடுப்பா இருக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும் என்றாய். அதற்குள் நீ வேலை பார்க்கிற லேபில் யாரோ கதவைத் திறந்தார்கள் போல. உடனே பேச்சை மாற்றி, தங்கச்சிக்குச் செருப்பு வாங்கியாச்சா என்று சத்தமாகக் கேட்டாய்.

உங்களுக்குத்தானே தெரியும் என்று சொன்னாய் பார், அங்கேதான் எனக்குத் தலை கால் புரியாமல் போய்விட்டது. துணிக்கடையில் பெண்கள் பிரிவில் நின்று நின்று தலை நரைத்தவன். ஒரு அம்மா வாசலில் குடையை மடக்கும்போதே அவளுக்கு என்ன அளவு என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை குடையை மட்டும் பார்த்து அளவு சொல்லியிருக்கிறேன், சரியாக இருந்தது. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு பெண் வாயைத் திறந்து கேட்டுவிட்டாள் என்றால் சும்மா இருக்க முடியுமா?

எங்கள் கடைப் பொம்மைகளை நீ பார்த்திருக்கிறாய். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, காய்ச்சல் கண்டு எழுந்த மாதிரி இருக்கும். அதில் எதை மாட்டினாலும் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு பொம்மையைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய், இடுப்பைச் சுற்றிப் பழைய டவலாகச் சுற்றி, நாடா கட்டி, உன் உடம்பு மாதிரி செய்தேன். உலகத்தில் இதுவரை எந்தக் கடையிலும் யாரும் செய்யாத வேலை. கட்டிங் அக்காவைத் தெரியுமில்லையா, எங்கள் கடையில் துணி வெட்டித் தைக்கிறவள், கத்திரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, யோவ், இது உன் அக்கா மகளா இல்ல தண்ணித் தொட்டியா என்றாள். உன் அம்மாவிடம் சொல்லி, நீ அலமாரியில் விட்டுப்போன பழைய ஸ்கர்ட்டை வாங்கி வரச் சொன்னாள். டேப் வைத்து அளந்தாள். நான் நான்கு விரல் அதிகமாக வைத்திருந்தேன். என் கண்ணில் தப்பு இல்லை. டவல் தடிமனான டவல்.

பிறகு ஆரம்பித்தது சோதனை. முதலில் நேர் வெட்டு ஸ்கர்ட் ஒன்றை மாட்டினேன். தொடையில் இறுக்கி, முழங்காலில் இன்னும் இறுக்கி, பொம்மைக்கே மூச்சு முட்டியது. அடுத்து இடுப்பில் சுருக்கு வைத்த பாவாடை. இருக்கிற அகலம் போதாதென்று இன்னொரு அகலத்தை மேலே கட்டின மாதிரி ஆகிவிட்டது. மறைத்துவிடலாம் என்று ஒரு நீளச் சட்டையைப் போட்டேன், அது சரியாக இடுப்பின் அகலமான இடத்தில் வந்து நின்றது. கட்டிங் அக்கா, இங்கதான் பாருங்கன்னு கோடு போட்டுக் காட்டுற மாதிரி இருக்கு என்றாள். பக்கவாட்டில் பெரிய பாக்கெட் வைத்த பேண்ட்டைப் பற்றி நான் எழுத மாட்டேன். பொம்மைக்கும் மானம் உண்டு.

கடைசியில் வழி பிடிபட்டது. நான்தான் கண்டுபிடித்தேன், கட்டிங் அக்கா பக்கத்தில் இருந்தாள். உனக்கு இடை சின்னது. அதை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? அந்தச் சின்ன இடத்தில் துணியைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒட்டாமல், உப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கணுக்கால் வரைக்கும் விழ வேண்டும். விறைப்பான துணி ஆகாது, பளபளப்பும் ஆகாது, கையை விட்டால் தண்ணீர் மாதிரி வழிகிற துணி வேண்டும். கீழே அடர்த்தியான ஒரே நிறம். கழுத்து அகலமாக, தோள் நிமிர்ந்து தெரிகிற மாதிரி, கழுத்தைச் சுற்றி வெளிர் நிறத்தில் பூவேலை. பார்க்கிறவர்கள் கண் முதலில் உன் முகத்துக்குப் போகும். உனக்கு அனுப்புகிற இந்தப் பெட்டியில் இருக்கிறதே கத்திரிப்பூ நிறக் கவுன், அதுதான். பாக்கெட் கூடாது என்று கட்டிங் அக்கா அடம்பிடித்தாள். நீ கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பாயே, அதனால் நான் விடவில்லை. தையலுக்குள் மறைத்து ஒன்று வைத்திருக்கிறாள். இந்தக் கடிதம் அதற்குள்தான் வருகிறது. கவுனில் பாதி நான் தைத்தது. நூல் கோத்துக் கொடுத்தேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

பொம்மையை அந்தக் கவுனோடு வாசல் கண்ணாடிக்குள் நிறுத்தச் சொன்னது முதலாளி. கூட்டம் எப்படி வந்தது தெரியுமா. போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்த்தது. பஸ் ஸ்டாப் அங்கேதான் இருக்கிறது என்பது வேறு விஷயம். இத்தனை நாளாக உள்ளே வராமல் கண்ணாடியோடு போய்விடுகிற பெண்கள், நம்மை மாதிரி ஒரு பொம்மை நிற்கிறதே என்று உள்ளே வந்தார்கள். பக்கத்தில் பலகை வைத்து எழுதச் சொன்னதும் முதலாளிதான். எங்கள் வீட்டு ஜாடிக்கே அழகு, உங்களுக்கும் அழகு என்று எழுதியிருந்தது.

சரி. முதலாளி விலையைத்தான் எழுதச் சொன்னார். மீதியைச் சொல்லி எழுத வைத்தது நான்.

ஜாடி என்றால் எனக்கு அது நீதான், வேறு ஒன்றும் இல்லை. நீ கையில் ரொட்டியோடு வீடு முழுக்க ஓடின வயதில் வைத்த பெயர். பள்ளிக்கூட வாசலில் நின்று அப்படித்தான் கூப்பிடுவேன், உன் கூடப் படித்ததெல்லாம் கூடச் சேர்ந்து கூப்பிடும், நீயும் சிரித்துக்கொண்டு வருவாய். சிரித்தாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எதிர் பேக்கரிக்காரர் மகள், உன் வகுப்பில் இருந்தவள், அவள் பலகையைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள் என்பதை மட்டும் நான் முன்கூட்டியே சொல்லவில்லை.

நீ ஒரே ஒரு முறை கூப்பிட்டாய். திட்டுவாய் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். உங்ககிட்ட மட்டும்தான் மாமா சொன்னேன் என்றாய். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். தள்ளி வைத்திருந்தும் நன்றாகக் கேட்டது.

போன வாரம் கல்யாண ஹாலில் மாட்டுவதற்கு உன் அம்மா பழைய போட்டோக்களைத் தரையில் பரப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். உன்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றில் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாய். ஒன்றில் யார் வீட்டுக் குழந்தையையோ இடுப்பை மறைத்துத் தூக்கி வைத்திருக்கிறாய். ஒன்றில் பெரிய பை. உயரமானவர்களுக்குப் பின்னால் நின்று ஒன்றில் நெற்றி மட்டும் தெரிகிறது. குடும்பத்திலேயே குட்டை நீ. இது ஏன் பின்னாடி போய் நிற்கிறது என்று நானே பலமுறை சத்தம் போட்டிருக்கிறேன், அந்தப் பெயரைச் சொல்லித்தான் முன்னாடி வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணின் அளவைக் குடையை வைத்துச் சொல்கிறவன் நான்.

கட்டிங் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். நேராகப் போய்ப் பலகையை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் துணி வெட்ட ஆரம்பித்துவிட்டாள். இன்றைக்கும் அதன் மேல்தான் வெட்டுகிறாள். கவுனை மடித்துக் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். யோவ், நீ அனுப்புறதா எழுதாதே, அந்தப் பொண்ணு தொடாது என்றாள். நான் கேட்கவில்லை. இன்னொருத்தர் பெயரில் அனுப்பி அதையும் ஒரு கதையாக்க வேண்டாம் என்று தோன்றியது.

இனி நீ தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. லீவு இல்லை என்று மட்டும் சொன்னாய். அதை இங்கே யாரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உன் தங்கச்சி, லீவாம் லீவு, தனக்கு முன்னாடி எனக்குக் கல்யாணம் ஆகுதுன்னு அக்காவுக்குப் பொறாமை, வராட்டி போகட்டும் என்றாள். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். உன் அம்மா, அப்படிச் சொல்லாதடி என்று சொல்லவில்லை.

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது. யாரும் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, செய்தவன் நான் என்று ஆரம்பித்து, பொம்மை, டவல், பலகை, பெயர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னை வெறும் கண்ணால் பார்த்தார். உன் அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள், நான் நகரவில்லை, அடி அக்கா என்றேன். மாடியில் குடியிருக்கிறவர் சத்தம் கேட்டு இறங்கி வந்து, ஆம்பளைன்னா இப்படி ஒத்துக்கணும் என்று என் தோளைத் தட்டினார். உன் தங்கச்சி அழுதுவிட்டாள். என்கிட்ட ஏன் அக்கா சொல்லலை என்று அழுதாள். ஆக, உன் மேல் இப்போது யாருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. எல்லாக் கோபமும் என் பக்கம் திரும்பியாயிற்று. நீ தாராளமாக வரலாம்.

வந்தால் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. நான் ஹாலில் நாற்காலி அடுக்குகிற பக்கம் இருந்துகொள்கிறேன். கவுனை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நடுவில் நில். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள். வர மனம் இல்லையென்றாலும் உன் லேபுக்காவது ஒரு நாள் போட்டுக்கொண்டு போ. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். யாரும் உன்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி சொன்னது நிஜம். உன் அம்மா பேசாமல் இருந்ததும் நிஜம். நான் எழுந்து நின்றதும் நிஜம். மற்றது நடக்கவில்லை. நாற்காலி விழவில்லை, மாடிக்காரர் ஊரிலேயே இல்லை. எழுந்து நின்ற என்னை எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ பொறாமைக்காரி என்று இந்த வீடு இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

உன் அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. பெட்டியை ஒட்டிவிட்டு, நடந்ததைச் சொல்ல அங்கே போகிறேன். இந்தப் பெட்டி உன் கைக்கு வருவதற்குள் அவள் உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் கவுனைப் போட்டுப் பார். செய்யவில்லை என்றால், நான் இன்னும் சர்க்கரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.