நீலம் போன இலைகள்

அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏற முடிகிறதா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. இந்தச் செடிப் பண்ணையின் முதலாளி லோர்னா பதினோரு வருடமாக மேப்பிள் மர நிழலில் வளர்த்த ஹோஸ்டா செடி ஒன்று இருக்கிறது. இரு கைகளையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். சாப்பாட்டுத் தட்டு அளவு இலைகள், நீலமும் பச்சையும் கலந்த நிறம். சனிக்கிழமை கண்காட்சிக்குப் போக வேண்டியது. இலைகளில் தூசி இருந்தது. நீங்கள் நம் ரப்பர் செடிக்குச் செய்வதுபோல ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். நீலம் துணியோடு போய்விட்டது. அந்த நீலம் இலைமேல் தானாகவே படியும் மெழுகாம். வெறும் பச்சைதான் மிஞ்சியது.

“அடிப்பாவி, கார் கழுவுற மாதிரி கழுவி வச்சிருக்கியே!” என்றாள் லோர்னா.

“திரும்ப வராதா?”

“வரும். அடுத்த வசந்தத்துல, புது இலையோட. அப்ப நீ இங்க இருப்பியாங்கறதுதான் கேள்வி.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பேசலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா. நான்தான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு இங்கே யாரோடும் பழக்கமில்லை.

ஞாயிறு போன் செய்யுங்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் செய்யுங்கள். நம் வீட்டுக் கொட்டகையிலிருக்கும் என் ரப்பர் பூட்ஸை அனுப்பச் சொல்லியிருந்தேனே, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். லாரி வந்துவிட்டது, தொட்டிகளை ஏற்ற வேண்டும்.

என் அறையை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள்.

கோரின்