ஓதெல்லாவின் இடத்தில் வைத்த பெட்டி

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்த அலாஸ்கா பனியில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன், கர்த்தர் உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும். இங்கே அலபாமாவில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, இரத்த அழுத்தம் மட்டும் ஏறி நிற்கிறது, அதற்குக் காரணம் உப்பு இல்லை, நம் சபையும் நீயும்தான். மூன்று நாளாக நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும், எழுதினால் கொஞ்சம் மரியாதை தானாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன், வராவிட்டால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் நாலு பேர் பாட்டுக் குழுவின் நாற்பத்திரண்டாம் ஆண்டு விழா. உன் பெரியம்மா ஓதெல்லா போய் ஒன்பது மாதம் ஆகிறது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், எங்களில் ஒருத்தி போய்விட்டால் ஒரு வருஷம் அவள் நின்ற இடத்தைக் காலியாக விட்டுத்தான் நிற்போம், அவள் பாடிய குரலை, ஓதெல்லாவுக்கு அது அடிக்குரல், வேறு யாரும் எடுக்க மாட்டோம், பாட்டில் ஓட்டை விழுந்தால் விழட்டும், அது அவளுக்கு நாங்கள் செய்யும் மரியாதை. அதனால் நானும் பெர்னடீனும் தெல்மா ஜீனும் மூன்று பேராகத்தான் பாடுவதாக இருந்தோம். எனக்கும் பெர்னடீனுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம், உன் பெரியம்மா உடம்புக்கு ஒன்றரை ஆள் என்றே வைத்துக்கொள். ஊதா அங்கியை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு மேடை ஏறிப் பார்க்கிறேன், அந்த இடத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு கறுப்பு ஒலிபெருக்கிப் பெட்டி, பெட்டியின் தலையில் உன் பெரியம்மாவின் பிளம்ஸ் நிறத் தொப்பி, அந்த இறகு வைத்தது, ஈஸ்டருக்கு மட்டும் போடுவாளே அதுதான்.

பாஸ்டர் டிரெவெல் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சபையாரே, இன்னைக்கு நம்ம சிஸ்டர் ஓதெல்லா பரலோகத்துல இருந்து நம்மகூட பாடப் போறாங்க" என்றார். அதோடு நிறுத்தினாரா, "அவங்க குரலை நமக்கு அனுப்பி வச்ச அலாஸ்கா மகள் ரெனீட்டாவுக்குக் கைதட்டுங்க" என்றார். இருநூறு பேர் உனக்குக் கைதட்டினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கும் தெரியும் என்று நினைத்து. பெற்ற அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கு மட்டும் தெரியாது. உன் பெரியப்பா முதல் வரிசையில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அழுகிறார், தொப்பியைக் கொடுத்ததே அவர்தான், பாஸ்டர் கேட்டாராம், கொடுத்தாராம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மேடையை விட்டு இறங்குவேன் சொல். நின்றேன்.

அவள் குரல் வந்தது. முதல் அடி முழுக்கச் சரியாகவே இருந்தது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட அருவருப்பு. நாற்பத்திரண்டு வருஷமாக இடது பக்கம் அவள் மேல் சாய்ந்து பாடிய பழக்கம், ஒரு கணம் அந்தப் பெட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டேன். சந்தோஷமாகச் சாய்ந்தேன் ரெனீட்டா. ஜனங்கள் எழுந்து நின்று விட்டார்கள். இரண்டாம் அடியில்தான் ஆரம்பித்தது கண்றாவி. பியானோ கூட இல்லாமல் வாயையும் காலையும் மட்டும் நம்பிப் பாடுகிறவர்கள் நாங்கள், உணர்ச்சி ஏற ஏறச் சுருதி ஒரு மயிரிழை இறங்கும், எல்லாரும் சேர்ந்து இறங்குவோம், கேட்கிறவர்களுக்குத் தெரியாது. உன் பெரியம்மா எங்கள் கையைப் பிடித்துப் படி இறக்குவது போல இறக்குவாள். ஆனால் தனியாகப் பாடினால் அவள் அடித்த ஆணி மாதிரி நிற்பாள். பெட்டிக்குள் இருந்தவள் தனியாகப் பாடியவள், நாங்கள் இறங்கினோம், அவள் இறங்கவில்லை. மூன்றாம் அடியில் வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று பூனை, அந்தப் பக்கம் ஒரு பூனை. டஸ்கலூசா ஊரில் இருந்து வந்திருந்த பாட்டுக் குழுப் பெண்கள் விசிறியால் வாயை மூடிக்கொண்டார்கள். தப்பு யார் மேல் என்று நினைத்திருப்பார்கள், செத்தவள் மேலா, எங்கள் மேல்தான்.

நான் குதிகாலால் இரண்டு தரம் தரையில் இடித்தேன், அது எங்களுக்குள் நிறுத்து என்று அர்த்தம். மூன்று பேரும் நிறுத்தினோம். பெட்டி நிறுத்தவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு தூம் தூம் என்று அடிக்குரல் மட்டும் தன்பாட்டுக்குப் போகிறது, பாஸ்டர் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் தடவுகிறார், சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் அக்காவைக் கேலிப் பொருளாக்கிவிட்டார்கள். பாட்டு முடிந்து சத்தம் அடங்கியபோதுதான் கவனித்தேன், பின்னால் ஒரு குழாய் சொட்டுகிறது. அது என் அடுப்படிக் குழாய். முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது சொட்டிக்கொண்டிருந்த அதே குழாய். அப்புறம் உன் பெரியம்மாவின் பேச்சுக்குரல் கேட்டது, "சரி குட்டி, இப்ப நீ பாடு பாக்கலாம், பயப்படாத, உங்கம்மா வர இன்னும் நேரமிருக்கு" என்று. அந்த இடத்தில் பாஸ்டருக்குப் பொத்தான் கிடைத்துவிட்டது, பெட்டி அணைந்துபோனது.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். கீழே கூடத்தில் வறுத்த கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பும் வைத்திருந்தார்கள், நான் தொடவில்லை. பாஸ்டர் மனைவி பின்னாலேயே வந்து, "மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர் எர்னஸ்டின், வயசானா சுருதி இறங்கறது சகஜந்தானே" என்றாள். அவள் முகத்தில் பூசியிருந்த பவுடரைக் கூட என்னால் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் பாஸ்டர் வந்தார், மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், இல்லை, அந்தக் குரலையும் எங்களோடு இறங்க வைக்க ஒரு வழி இருக்கிறதாம், அவருக்குத் தெரிந்த ஆள் செய்து தருவாராம். தெல்மா ஜீன் தலையாட்டுகிறாள். "வேற என்ன பண்றது எர்னி, மே மாசத்தோட வருஷம் முடியுது, அடிக்குரல் இல்லாம நாம பாடினா சுவரில்லாத கூரை மாதிரி இருக்கு, பெட்டியாவது இருக்கட்டுமே" என்கிறாள். எல்லாரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன், மே இரண்டாம் ஞாயிறு அந்த இடத்தில் மூச்சு விடுகிற ஒரு பெண் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்து விசிறிக்கொள்வேன், பெட்டியோடு பாட மாட்டேன். நாற்பத்திரண்டு வருஷத்தை ஒரு ஸ்டூல் தின்னப் பார்க்கிறது.

நீ நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பாய், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் ஆறவில்லை. ஆனால் நான்கு நாளாக வேறொன்று என்னைக் குடைகிறது. அடிக்குரலை மட்டும் தனியாகப் பாடச் சொல்லி யார் கேட்பார்கள், அதைக் கற்றுக்கொள்ள நினைக்கிறவள்தான் கேட்பாள். பதினாலு வயதில் பாடகர் குழுவில் ஒருத்தி "யாருடி அங்க ஆம்பள குரல்ல பாடறது" என்று கேட்டாள் என்று அன்றிலிருந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றவள் நீ. இன்றைக்கும் போனில் உன் குரலைக் கிள்ளி மெல்லிசாக்கித்தான் பேசுகிறாய், அது எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாய். அக்காவிடம் போய்ப் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டாய், என்னிடம் மறைத்தாய். அவளும் மறைத்தாள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம்தான், ஒருத்தியிடம் சண்டை போடவும் வழியில்லை.

அந்தப் பதிவைப் பாஸ்டருக்கு இனி அனுப்பாதே, எனக்கும் வேண்டாம். தொப்பி அலமாரிக்கு மேல் அதன் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது, இறகு கொஞ்சம் மடங்கியிருந்தது, நீராவி காட்டி நிமிர்த்திவிட்டேன். கம்பளி உள்ளாடை போடாமல் வேலைக்குப் போகாதே, காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே. நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக.

போனில் வேண்டாம், கடிதத்திலேயே எழுது. பெட்டியை அணைத்துவிட்டதால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவள் பாடு என்று சொன்னதும், நீ பாடினாயா?

கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
எர்னஸ்டின்