வெட்டாமல் விட்ட சரிவு

1928 செப்டம்பர் 6, அமிர்தி

காலையில் தூறல். குதிரைக்குக் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. நடந்தே காட்டைச் சுற்றி வந்தேன்.

இந்த வருஷம் வெட்ட விடுகிற மலைத்துண்டு கல்லோடைக் கூப்பு. அதை வேலூர் ஏலத்தில் எடுத்தது யார் என்று இன்றுதான் தெரிந்தது. நயீம் அகமது! பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்த நயீம். அவன் அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி. நயீமுக்கு அதில் மனசில்லை. தோல் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை என்பான். டேனரிகளுக்கு விறகும் பட்டையும், வீடு கட்டுகிறவர்களுக்கு உத்தரமும் விற்கப் போகிறானாம். அவன் சொந்தமாக எடுத்து வைக்கிற முதல் அடி.

சந்தோஷமாக இருக்கிறது. அவன் காண்ட்ராக்டர், நான் ரேஞ்சர். முத்திரை குத்திய மரத்தைத்தான் அவன் வெட்டலாம். குத்துவது நான். அதற்கு முன் சரிவைப் பார்த்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் காடு படித்தது சும்மா போகக் கூடாது.

செப்டம்பர் 11

கூப்பின் கீழ்ப்பாதி நல்ல நிலம். மேல்பாதி எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே வெக்காலி மரங்களின் அடி அரிவாள் போல வளைந்து, பிறகு நிமிர்கிறது. ஒரு மரம் அப்படி இருந்தால் அது மரத்தின் கோணல். சரிவு முழுக்க ஒரே பக்கமாக வளைந்திருந்தால் மண் மெல்ல இறங்குகிறது என்று அர்த்தம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, புல்லுக்குள், பிறை மாதிரி ஒரு வெடிப்பு. கைத்தடியை விட்டுப் பார்த்தேன். பாதி உள்ளே போனது.

சரிவின் அடியில் ஓடை. ஓடையோடு கீழே இறங்கினால் கல்லோடை ஊர். மலைக்காரர்களின் குடிசைகள், தினைக் கொல்லை, மாட்டுப்பட்டி.

செப்டம்பர் 14

மழை விட்டதும் மேல்பாதியில் குழி தோண்டச் சொன்னேன். இடுப்பளவு மண், அதன் அடியில் பாறை. வழுவழுவென்று, ஓடையைப் பார்த்துச் சாய்ந்த பாறை. மண்ணும் பாறையும் சேருகிற இடத்திலிருந்து தண்ணீர் கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி நிறைந்தது. எண்ணெய் தடவிய பலகையைச் சாய்த்து அதன்மேல் களி உருண்டையை வைத்த மாதிரி. அந்த உருண்டையை வேர்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மேல்பாதியை வெட்டக் கூடாது. சந்தேகமே இல்லை.

நயீமிடம் எப்படிச் சொல்வது? சொல்வதில் என்ன கஷ்டம். உள்ளதைத்தானே சொல்லப் போகிறேன்.

செப்டம்பர் 18

நயீம் வந்தான். பழைய நயீம்தான், மீசை மட்டும் புதுசு. "இன்னாடா கிருபா, ரேஞ்சர் ஆனதும் மலை மாதிரியே விறைப்பா நிக்கிற" என்று கட்டிக்கொண்டான். மேலே கூட்டிப்போய் மரங்களைக் காட்டினேன். வெடிப்பைக் காட்டினேன், குழியைக் காட்டினேன். அவன் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"நல்ல மரமெல்லாம் மேலதான்டா இருக்கு. கீழ இருக்கிறது அடுப்புக்குத்தான் ஆவும்."

"தெரியும்."

"வெக்காலிய வெட்டுனா தூர்லேர்ந்து துளிர் வுடும். வேர் சாவாது. பின்ன எப்படி மண்ணு எறங்கும்?"

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. துளிர் விட்டாலும் பாதி வேர் பட்டுப்போகும். வெட்டிய மரத்தை இழுக்கிற தடமெல்லாம் மழையில் வாய்க்கால் ஆகும். அந்தத் தண்ணீர் நேரே வெடிப்புக்குள் இறங்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெட்டுனா விழும்ன்ற. வெட்டாம வுட்டா?"

"வெட்டாம வுட்டா அசையாது. இது உறுதி."

நயீம் என் பக்கம் திரும்பினான். "நீ எனக்கு தோஸ்தா, சர்க்கார் ஆளா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் ஆவாதுடா."

விறுவிறுவென்று இறங்கிப் போனான். ஒரு இடத்தில் கால் வழுக்கியது. கை நீட்டினேன். அவன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

செப்டம்பர் 19

செய்தது சரி. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 27

ஜில்லா வன அதிகாரி துரை நேரில் வந்து மலை ஏறினார். மூச்சிரைத்தாலும் உச்சி வரை வந்துவிட்டார். நயீமும் கூட வந்தான், என்னைப் பார்க்காமலே. குழியில் நிறைந்திருந்த தண்ணீரை துரை குனிந்து பார்த்தார். "நிச்சயமா?" என்றார். "நிச்சயம்" என்றேன். குரலில் ஒரு பிசிறு கூட இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மேல்பாதி கூப்பிலிருந்து நீங்கியது. அதற்கு ஈடாக ஓடைக்கு அக்கரையில் ஒரு தட்டையான சரிவை அவனுக்குக் கொடுத்தார். அங்கே மரம் கம்மி என்பது எனக்கும் தெரியும்.

அக்டோபர் 7, வேலூர்

ஞாயிறு. என் மனைவி இன்பத்துக்கு ஆஸ்பத்திரியில் இன்று முறை இல்லை. சேர்ந்து கோவில் ஆராதனைக்குப் போனோம். வழியெல்லாம் நயீம் கதையைச் சொன்னேன். அவள் நர்ஸ், கேட்கத் தெரிந்தவள்.

"நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள். "சொன்ன விதந்தான், ஜட்ஜு தீர்ப்பு படிச்ச மாதிரி."

"பின்ன எப்படி சொல்றது?"

"எங்க பெரிய டாக்டரம்மா 'பொழைச்சுக்குவாங்க'ன்னு அடிச்சு சொல்லவே மாட்டாங்க. ஆனா ராவெல்லாம் பக்கத்துலயே இருப்பாங்க."

நோயாளி வேறு, மலை வேறு என்று நினைத்துக்கொண்டேன். சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 22, கல்லோடை

வெட்டு தொடங்கிவிட்டது. மரம் வெட்டுகிறவர்களுக்கு நயீம் ஓடையோரத் திட்டில் குடிசைகள் போட்டிருந்தான். சமதரை, தண்ணீர் பக்கத்தில், யாருக்கும் ஆசை வரும் இடம். ஆனால் பழைய வெள்ளம் கொண்டுவந்து போட்ட திட்டு அது. உருண்டை உருண்டையாகக் கிடக்கிற கல்லே சொல்கிறது. மேட்டுக்கு மாற்றச் சொன்னேன்.

நயீம் என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் சொன்னான்: "ரேஞ்சர் ஐயாவுக்கு ஓடையும் புடிக்கல போல. பெரிய பேஜாரு. குடிசைய பிரிங்கப்பா."

பிரித்தார்கள். இனி ஒவ்வொரு குடம் தண்ணீரும் மேடேற வேண்டும். என்மேல் கோபம் இருக்கட்டும். மேட்டில் இருக்கட்டும்.

நவம்பர் 8, கல்லோடைக் காவல் கொட்டகை

விடாத மழை. கொட்டகை ஒழுகுகிறது. மேல்சரிவு மரத்தோடு நிற்கிறது. கவலையில்லை.

நவம்பர் 10

நேற்று எழுத முடியவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நயீம் வந்து நின்றான். அந்தச் சண்டைக்குப் பிறகு என் முகம் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"கிருபா, ஓடை கொறையுது."

"இன்னா சொல்ற?"

"மழை இப்படி கொட்டுது. தண்ணி ஏறணும். கொறையுதுடா. சேறா வருது. எனக்கு சரியா படல."

எனக்குப் புரிந்துவிட்டது. மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. மேலே எங்கே? எங்கே என்று எனக்குத் தெரியாதா — நான் அசையாது என்று சொன்ன அதே சரிவு. ஒரு மரம் கூட வெட்டலியே! எப்படி? எப்படி விழும்? நயீம் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அத அப்பறம் பேசலாம். ஊர்ல ஆளுங்க இருக்காங்கடா!"

ஓடினோம். ஊர்க்கவுண்டர் அருணகிரி தன் குடிசை வாசலில் நின்று ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நிம்மதி.

"தண்ணி கொறஞ்சா நல்லதுதான சாமி? எதுக்கு ஓடணும்?"

"மேல மண்ணு விழுந்து அணை கட்டுன மாதிரி தண்ணி நிக்குது கவுண்டரே. அது ஒடைஞ்சா இந்த ஊரு இருக்காது."

"நிச்சயமா?"

துரை கேட்ட அதே கேள்வி. "தெரியாது" என்றேன். "இல்லாமக்கூட இருக்கலாம். ஆனா எம் பொஞ்சாதி இங்க இருந்தா இந்நேரம் தூக்கிக்கினு ஓடுவேன்."

கவுண்டர் திரும்பி ஊருக்குக் குரல் கொடுத்தார்.

ஆனாலும் பெண்கள் விதைத்தினையை விட்டு நகர மாட்டேன் என்றார்கள். அது போனால் அடுத்த வருஷம் சோறே இல்லையே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நயீம் மேட்டைப் பார்த்துக் கத்தினான். அவனுடைய மரம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூட்டை தலையில், ஒரு குழந்தை இடுப்பில். கண் தெரியாத ஒரு பெரியவரை நயீம் முதுகில் சுமந்தான். ஆடுகளை விரட்டினோம். மாடுகளில் பாதி வந்தன, பாதி மிரண்டு திரும்பிவிட்டன.

எல்லோரும் மேட்டுக் குடிசைகளில் ஒண்டியிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். முதலில் ஒரு காற்று, ஈர மண் வாசனையோடு. அப்புறம் சத்தம். பாலாற்றுப் பாலத்தின்மேல் பத்து ரயில் சேர்ந்து போனால் அப்படி இருக்கும். சேறும் பாறையும் முழு மரங்களுமாக வந்தது. ஊரின் கீழ்வரிசைக் குடிசைகள், மாட்டுப்பட்டி, மிரண்டு திரும்பின மாடுகள், எல்லாம் போயின. நயீம் முதலில் குடிசை போட்ட திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நானும் என் கர்த்தரைக் கூப்பிட்டேன்.

மனிதர் ஒருவர் கூடப் போகவில்லை.

நவம்பர் 14

மழை நின்றது. தனியாக மேலே ஏறினேன்.

பிறை வெடிப்புக்குக் கீழே இருந்த மண், நல்ல நல்ல மரங்களோடு, அப்படியே இறங்கியிருக்கிறது. ஆனால் சரிவின் நடுவே வேர் நெருக்கமான ஒரு துண்டு நிலம் நின்றுவிட்டது. அதனால்தான் மண் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து ஓடையை அடைத்தது. இல்லாவிட்டால் எல்லாம் ஒரே அடியாக வந்திருக்கும்.

இது எனக்கு நானே சொல்லும் சமாதானமோ? இல்லை. வேர்களைக் கையால் தொட்டுப் பார்த்தேன். நான் மண்ணைச் சரியாகத்தான் படித்திருந்தேன். வேர்களைத்தான் அளவுக்கு மீறி நம்பிவிட்டேன்.

நவம்பர் 21

துரை வந்தார். சரிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "வெட்டாமலும் விழுந்துவிட்டதே. அப்படியானால் வெட்டியிருக்கலாம், இல்லையா?" என்றார். கூட ஏறியிருந்த நயீம் முன்னால் வந்தான்.

"ரேஞ்சர் வெட்டக் கூடாதுன்னு சொன்னப்ப ஜாஸ்தி கத்துனவன் நான்தான் சார். வெட்டியிருந்தா மொத்த மலையும் ஒரே மூச்சுல வந்திருக்கும். ஓடை கொறையறத பாக்க எங்களுக்கு நேரமே இருந்திருக்காது. நானும் இங்க நின்னு பேசிக்கினு இருக்க மாட்டேன்."

துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இனி எந்தச் சரிவையும் ஏலத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும் என்றார்.

டிசம்பர் 12

கீழ்வரிசைக் குடும்பங்கள் மேட்டிலேயே குடியேறுகின்றன. அடித்து வந்த மரங்களை நயீமே எடுத்துக்கொள்ள அனுமதி வந்தது. அவன் முதலில் வண்டி ஏற்றியது ஆம்பூருக்கு அல்ல. வீட்டுக் கால்களுக்கு ஆகிற மரத்தையெல்லாம் மேட்டில் இறக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் கொண்டுபோனான்.

1929 ஆகஸ்ட் 21

இந்த வருஷக் கூப்பு கிழக்கு முகட்டில். சரிவை ஏலத்துக்கு முன்னாலேயே பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்தேன். எடுத்தது நயீம். ஆனாலும் முத்திரை குத்தும் முன் ஒரு தடவை கூட நடக்க வேண்டும் என்று வந்து நின்றான்.

வெயில் ஏறும் வரை நடந்தோம். அவன் கீழ்ப்பக்கம், நான் மேல்பக்கம். கண்ணில் பட்டதையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னான். அடிமரங்கள் நேர். பாறை படிப்படியாக இருக்கிறது, மண் அதில் உட்கார்ந்திருக்கிறது. வெடிப்பு எதுவும் இல்லை. ஓடையோர மரங்களை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். தலையாட்டினான்.

கடைசியில் இருவரும் ஒரு வேங்கை நிழலில் நின்றோம்.

"அசையாதுல்ல?" என்றான்.

"அசையாதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?" வாய்விட்டுச் சிரித்தான். "இப்பதான்டா எனக்கு தைரியமா இருக்கு."

சுத்தியலை எடுத்து முதல் மரத்தில் முத்திரை குத்தினேன்.