நீலக் கோட்டுப் படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை, பேச்சுத்துணையைத் தவிர.

ஆள் கடத்தலில் சிக்கியவர்களை மீட்கும் எங்கள் தொண்டு நிறுவனத்தில் போன வாரம் ஒரு வேடிக்கை. நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். வீட்டு வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்தவளை இரண்டு வருடம் பூட்டியே வைத்திருந்தார்களாம். மொழிபெயர்க்க நான் உட்கார்ந்தேன். படிவத்தில் எட்டாவது கேள்வி, 'அனுப்பியது யார்?'

அவள் என்னையே பார்த்தாள். "உங்க மாமாதான்க்கா. நீங்க நீலக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோவக் காட்டினாரு. 'என் அக்கா பொண்ணே அங்க ராணி மாதிரி இருக்கா, நீ ஏன் பயப்படுற'ன்னு சொன்னாரு."

வந்த புதிதில் உனக்கு அனுப்பிய படம் அது. உன் தம்பிக்குப் பெருமையாகக் கொடுத்திருப்பாய். பத்துக் குடும்பத்துக்கு விளக்கேற்றியவன் என்பாயே, அதில் ஒரு விளக்கு எதிரே உட்கார்ந்து அழுதது. அவர் பெயரை என் கையாலேயே எழுதினேன். எழுத்துப் பிழையில்லாமல்தான், கவலைப்படாதே.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. புடவை மடிப்புக்குள், அக்கா கல்யாண ஆல்பத்திலிருந்து மாமாவின் படம் ஒன்றையும் வை. முகம் தெளிவாகத் தெரியவேண்டும். போலீஸ் கேட்கிறது.

கூப்பிடுகிறார்கள், இன்னொருத்தி வந்திருக்கிறாளாம். அவளும் என் படத்தைப் பார்த்தவளா என்று கேட்கவேண்டும்.

உன் மகள்