அக்கா பள்ளிக்கூடம் அனுப்பிய கூலிகள்

1999 மார்ச் 6, சனி. தெமோதரை
காலையிலிருந்து மழை. பதுளையில் நான் சொல்லிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் வகுப்பில் கழித்துவிட்ட பழைய மெஷின், ஆட்டோவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நனையவில்லை. உள்ளே ஒரு விளையாட்டு. சீமையிலிருந்து கப்பலில் ஆள் கொண்டுவந்து, காடு வெட்டி, புகையிலை போட்டு விற்க வேண்டும். நாம் ஒரு முறை, எதிராளி ஒரு முறை. அவசரமே இல்லை.
சீனி வாங்க மறந்தாச்சு.

மார்ச் 7, ஞாயிறு
அக்காவுக்கு இன்று கொழுந்து எடுக்கிற வேலை இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கப்பலை விட்டு இறங்கிய ஒருவனைக் காட்டி, "இவன் யாரு?"
"ஒப்பந்தக் கூலி."
"கடைசி வரைக்கும் கூலிதானா?"
பள்ளிக்கூடம் கட்டி அனுப்பினால் தச்சனாகவும் ஆகலாம் என்றேன். மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

மார்ச் 10, புதன்
முதுகுவலி என்றாள். ஆனாலும் குளித்ததும் நேரே விளையாட்டு. கூலிகளை ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். புகையிலை பறிக்க ஆளே இல்லை.
"தோத்துருவ அக்கா."
"பரவால்ல. படிச்சிட்டுப் போவட்டும்."
கதவருகில் அப்பா. என்னைப் படிக்க வைக்க, அவளை எட்டாம் வகுப்போடு நிறுத்தி கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பியவர். கொஞ்ச நேரம் பார்த்தார். தேத்தண்ணியைக் குடிக்காமலே வெளியே போய்விட்டார்.

மார்ச் 13, சனி
அக்காவுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. வீட்டு வேலை.
"போகாத அக்கா. நான்தான் சம்பாதிக்கிறேனே. நீ படி, ஓ.எல். பரீட்சை எழுது."
சிரித்தாள். "முப்பது வயசுல எந்த பெஞ்சுல போயி ஒக்காருறது?"
அப்பா ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். அப்பா கூரையேறித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, வியாழன்
ஸ்டேசனில் பனிமூட்டம். அக்கா காலில் புதுச் செருப்பு. கடித்திருக்கும், சொல்லவில்லை. அப்பா பெட்டியை ஏற்றிவைத்து, "பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான்.
திரும்பி நடக்கும்போது அவராகவே பேசினார்.
"ரெண்டு பேருல அவதான் கெட்டிக்காரி. படிப்ப நிப்பாட்டாதீங்கன்னு பெரிய வாத்தியாரு லயத்துக்கே வந்து கேட்டாரு."
இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாது.
"அக்காகிட்ட சொன்னீங்களாப்பா?"
"எப்புடிச் சொல்றது?"