போகும் வழி மட்டும்

மார்ச் 3, செவ்வாய்

அம்மா மலைக்குப் போகிறாளாம். வேனில். பெயிண்டரோடு.

சாப்பாடு போட்டுக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்வருகிற மாதிரி சொன்னாள். ஐம்பத்தெட்டு வயது வரை இந்தக் கடற்கரை ஊரைத் தாண்டாதவள். பஸ்ஸில் நாலு ஸ்டாப் போனால் வாந்தி எடுப்பவள். படகுகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டு, தான் உண்டு தன் தையல் மிஷின் உண்டு என்று இருந்தவள். திடீரென்று மலை ஆசை எங்கிருந்து முளைத்தது?

பெயிண்டர் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். துறைமுகத்தில் அம்மாவின் கொட்டகைக்கு அடுத்த கொட்டகை. மனைவி இறந்து ரொம்ப வருஷம். அதிகம் பேசமாட்டார். அதுதான் எனக்கு உறுத்துகிறது. என் புருஷனாக இருந்தவனும் அதிகம் பேசாதவன்தான். அவன் பேசாமல் மறைத்ததெல்லாம் வெளியே வந்த பிறகுதானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தேன்? சூடு கண்ட பூனை நான்.

"பத்து நாள்தான்டி. மெதுவா போயிட்டு வந்துடுவோம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 5, வியாழன்

மேசை முழுக்க சாலை வரைபடம். பெயிண்டர் கொண்டுவந்து விரித்திருந்தார். கடலோரச் சாலை நீலம், சமவெளி மஞ்சள், மலைப்பாதை பச்சை. படகு பெயிண்ட்டாலேயே கோடு இழுத்திருக்கிறார் மனுஷர், வீடே நாறுகிறது. எங்கே தங்குவது, எங்கே என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுவது, மலையடிவாரத்தில் எங்கே பிரேக்கைக் காட்டுவது, எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்திருந்தார்.

"திரும்பி வர்ற வழி எங்க?" என்று கேட்டேன்.

"அதே ரோடுதானேம்மா" என்றார்.

அம்மா எழுந்து அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

கூடத்தில் அப்பாவின் படத்தைக் காணோம். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்கிறாள். எந்தக் கடை? "ஏதோ ஒரு கடை. உனக்கு எல்லாத்தையும் சொல்லணுமா?"

ஆமாம், சொல்லணும்.

மார்ச் 9, திங்கள்

பெரிய கத்தரிக்கோலும் இல்லை.

மார்ச் 11, புதன்

இன்று வேலையில் மனம் ஒட்டவில்லை. நான் துறைமுக எடைமேடையில் இருக்கிறேன். லாரியை வெறுமனே ஏற்றி ஒருமுறை, சரக்கோடு ஏற்றி ஒருமுறை நிறுப்பது. எத்தனை தில்லுமுல்லு பார்த்திருக்கிறேன்! தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வெறும் வண்டி என்று வருவான். இருக்கைக்கு அடியில் கல்லை வைத்திருப்பான். மேடைமேல் ஒருத்தன் சிரித்துக்கொண்டே வந்தால் அடியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

சூப்பர்வைசரிடம் லேசாகச் சொன்னேன். "உன் கண்ணுக்கு எல்லாருமே திருடன்தான் தாயி. நல்லவேளை, நான் உன் சொந்தக்காரன் இல்ல" என்றார். சிரிக்க முடியவில்லை. அம்மா ஏமாந்து நடுத்தெருவில் நின்றால் இவரா வந்து பார்ப்பார்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பெயிண்டரிடம் நயமாகப் பேசினேன். "மலை ஏறுற வண்டி. பாரம் எவ்வளவுன்னு தெரியணும். சனிக்கிழமை எங்க மேடையில ஏத்துங்க." உடனே தலையாட்டினார். சந்தோஷமாக!

மார்ச் 14, சனி



வேன் வந்தது. உள்ளே ஒரு மெத்தை, ஒரு ஸ்டவ், ரெண்டு பெட்டி, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டிப் புத்தகத்தில் உள்ள வெறும் எடையைக் கழித்துப் பார்த்தாலும் மேடை காட்டிய எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கதவைத் திறங்க என்றேன். மெத்தைப் பலகையைத் தூக்கினேன்.

கொட்டகையில் இருந்த அம்மாவின் தையல் மிஷின். தலை தனியாக, இரும்புக் கால் தனியாக, பழைய போர்வையில் சுற்றி. கத்தரிக்கோல். தார்ப்பாய்ச் சுருள்கள். அப்பாவின் படம், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

கத்தினேன். பின்னால் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, டிரைவர்கள் இறங்கி வந்து பார்க்கிறார்கள், நான் பாட்டுக்கு "திருட்டுப் பயலே, கிழட்டு வயசுல இந்த வேலையா" என்று — அப்பா வயது மனுஷரைப் பார்த்து. அவர் "அம்மாகிட்ட கேளும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகையை மூடினார்.

மார்ச் 15, ஞாயிறு

கேட்டேன்.

மலையில் அவருடைய அண்ணன் விட்டுப்போன சின்ன வீடு இருக்கிறதாம். அங்கேயே தங்கிவிடப் போகிறார்களாம், ரெண்டு பேரும். அவர் திருடவில்லை. அம்மாவேதான் நான் ஷிஃப்ட்டில் இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். பயணம், பத்து நாள், வரைபடம் எல்லாம் எனக்காகப் போட்ட நாடகம்.

"அவரு சொல்லிடலாம்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. இங்க வந்து சேர்ந்தப்ப மூணு மாசம் எழுந்திரிக்காம கெடந்தியே. உன்னை விட்டுட்டுப் போறேன்னு எந்த வாயால சொல்றது?"

"அப்போ எப்பதான் சொல்றதா இருந்தே?"

"பத்து நாள் கழிச்சு போன் பண்ணி இன்னும் பத்து நாள்னு சொல்லலாம்னு... அப்புறம் இன்னும் பத்து நாளு... அப்படியே உனக்கும் பழகிடும்னு நெனச்சேன்."

ஐயோ அம்மா! உலகத்தில் யாராவது இப்படித் திட்டம் போடுவார்களா? சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அவளுக்கு அழுகை.

மார்ச் 17, செவ்வாய்

மிஷின் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது. "நான் எங்கயும் போகல. உனக்குத் திருப்திதானே?" என்றாள்.

ஆமாம், திருப்திதான். ஏன் இருக்கக்கூடாது?

மார்ச் 19, வியாழன்

மிஷினை இன்னும் பொருத்தவில்லை. போர்வையோடு மூலையில் கிடக்கிறது. நான் தூங்கி எழுந்தால் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். படுக்கப் போகும்போதும் அங்கேயேதான் இருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

கொட்டகைக்குப் போனேன். பெயிண்டர் ஒரு படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அவங்க வரலேன்னா நானும் போகல. வீடு எங்க ஓடிடப் போகுது?"

இதுவும் ஒரு தந்திரமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உண்மையைத்தானே எழுத வேண்டும்? தோன்றியது. மனுஷியின் புத்தி அவ்வளவு சீக்கிரமா மாறும்?

"வண்டியை வீட்டுக்குக் கொண்டு வாங்க" என்றேன். மிஷினை ஒரு பக்கம் அவர் பிடிக்க, ஒரு பக்கம் நான் பிடித்து ஏற்றினோம். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "பார்த்து, பார்த்து, காலுல போட்டுக்காதீங்க" என்று இருவரையும் திட்டினாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மார்ச் 22, ஞாயிறு

போய்விட்டார்கள். அம்மா மடியில் பாலிதீன் கவர், வாந்தி வந்தால் பிடிக்க.

மார்ச் 23, திங்கள்

சாயந்திரம் போன். மலையடிவாரத்தில் நிற்கிறார்களாம்.

"மேலே பார்த்தா பயமா இருக்குடி. நீ சாப்பிட்டியா? வீடு வெறிச்சுன்னு இருக்கா? நீ ஒரு வார்த்தை சொல்லு, திரும்பிடறோம். பாதி வழிதானே வந்திருக்கோம்."

ஒரே ஒரு வார்த்தை. வான்னு சொன்னா போதும், நாளைக்கே வந்து நிப்பா. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு.

"போனை அவர்கிட்ட குடும்மா" என்றேன்.

அவர் "சொல்லும்மா" என்றார்.

"வளைவுல மெதுவா போங்க. அம்மாவை முன் சீட்டுலயே உட்கார வைங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. தலை சுத்துதுன்னா சொல்லமாட்டா, அடக்கிக்குவா. நீங்கதான் பார்த்து நிறுத்தணும்."

"நான் பார்த்துக்கறேன்."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.