மாமா போட்ட ட்ரிபிள்ஸ் கேஸ்

பிரியமுள்ள மாமாவுக்கு,

ஒரு நல்ல சேதி. உங்கள் பேத்தி கவிதா போலீஸ் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். திருக்கோகர்ணத்தில் நம் தெரு முழுக்க அவள் பேச்சுத்தான்.

ஆனால் நடுவில் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பற்றி விசாரிக்க ஸ்டேஷனிலிருந்து வருவார்கள் என்றதும் நீங்கள் என்மேல் போட்ட கேஸ் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு, மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போன என்னை நிறுத்திக் கேஸ் எழுதிய ஏட்டு நீங்கள்தானே? அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தால், கதவைத் திறந்ததும் நீங்களே!

"ட்ரிபிள்ஸ்ல வந்தவருதானே? இன்னைக்கு எத்தனை பேரு வந்திருக்கீங்க?" என்றீர்கள். அப்புறமும் எந்தத் தைரியத்தில் பெண்ணைக் கொடுத்தீர்கள்?

விசாரணைக்கு ஒரு பெண் ஏட்டு வந்தார். காப்பியைக் குடித்தபடியே, "வீட்ல யார் மேலயாச்சும் கேஸ் இருக்குங்களா?" என்றார். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"எம்மேல ஒண்ணு இருக்குங்க மேடம். எங்க மாமனாரு போட்டது."

விவரம் கேட்டதும் அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சுங்க. புள்ளை மேல ஒண்ணும் இல்லைல்ல? பயப்படாம உக்காருங்க."

உங்கள் மகள் செல்வி உடனே முன்னால் வந்தாள். "எங்க தாத்தாவும் போலீஸ்தாங்க. ராஜா காலத்துச் சமஸ்தானத்துப் போலீஸ். சமஸ்தானம் போனதும் தலைப்பாகையைக் கழட்டிட்டுத் தொப்பி போட்டுக்கிட்டாரு. அதே ஸ்டேஷன், அதே வேலை." இத்தனை பெருமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ!

கான்ஸ்டபிள், ஏட்டு, எஸ்.ஐ. என்று இட்லித் தட்டில் சட்னியால் கோடு போட்டு விளக்குவீர்களே, எனக்குப் பாதிதான் ஏறியது. கவிதா முழுசாகச் சொல்கிறாள். "மொதல்ல ஆயுதப்படைப்பா. ஸ்டேஷனுக்கு வர நாளாகும்."

நேற்று ஆர்டர் வந்தது. நீங்கள் ஒரு தீபாவளிக்கும் வீட்டில் இருந்ததில்லை என்று இன்றுவரை குறைப்படுகிறவள் செல்வி. "இந்தப் புள்ளைக்கும் அந்த வேலையா?" என்று தடுத்தவளும் அவள்தான். ஆர்டரை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அவளுக்கு லீவு கெடைக்காது. நாமதான் பலகாரத்தை எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போகணும்."

கூட்டிப்போகிறேன் மாமா. எந்த ஊரில் டியூட்டி போட்டாலும், எந்தத் தீபாவளியிலும் உங்கள் பேத்தி தனியாகச் சாப்பிட மாட்டாள்.

உங்கள் மருமகப்பிள்ளை,
முருகேசன்